பெலே சொன்னதும் ஸினிவா எழுதியதும்

ஸினிவாவின் அடக்கத்தன்று, ஊர் சார்பாகப் பேசும் பட்டம் பெற்ற பேச்சுத்தலைவர்கள் நான்கு பேர் பேசினார்கள். முதலாமவர் அவளுடைய முன்னோர் வந்த படகிலிருந்து தொடங்கினார். படகு கரை சேரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான்காமவர் முடிக்கும்போது பெட்டியின் மேல் வைத்த பூக்கள் தலை தொங்கிவிட்டன. பிள்ளைகளின் வாயைத் திறந்துவிட்டவள் என்று நால்வரும் சொன்னார்கள். ஆற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. துக்க வீட்டில் அதை எடுப்பது மரியாதை இல்லை என்று விட்டிருப்பார்கள். மரியாதை பார்த்து ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நான்தான் நர்ஸ். ஸினிவாவின் புருஷனுக்குச் சர்க்கரையால் கால் அழுகியபோது கட்டுப் போட்டது நான். அவர் போனபின் அவள் தனியாகத்தான் இருந்தாள். பிள்ளை இல்லை. கொக்கோ மரங்கள் கொஞ்சம், இரண்டு பன்றி, ஞாயிறு பள்ளி. இவ்வளவுதான் அவள் வாழ்க்கை. ஞாயிறு பள்ளியில் இருபத்தாறு வருடம் பாடம் எடுத்தாள்.

அக்டோபரில் வெள்ளை ஞாயிறு வரும். அன்று பிள்ளைகள் வெள்ளை உடுத்திக்கொண்டு சர்ச்சில் எல்லோருக்கும் முன்னால் வந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பரிமாறுவார்கள், ஐஸ்கிரீம் உண்டு. மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் பெரியவர்கள் பேச, பிள்ளைகள் தட்டு ஏந்தி நிற்பார்கள். ஸினிவா அந்த ஒரு நாளுக்காக மூன்று மாதம் பிள்ளைகளைப் பழக்குவாள். மூன்றாவது தூணுக்குப் பின்னால் விசிறியோடு நின்று ஒவ்வொரு பிள்ளையின் வரியையும் தானும் வாயசைப்பாள். பிள்ளை தடுமாறினால் விசிறிக் காம்பு தூணில் ஒரு தட்டுத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் மறந்த வரி தானாக வந்துவிடும். அவள் பழக்கிய பிள்ளை எதுவும் இடையில் நின்று அழுததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. நியாயமான பெருமைதான்.

அந்த வருடம் வெள்ளை ஞாயிறு முடிந்து இரண்டு வாரத்தில் தலைநகர் ஆபியாவிலிருந்து மரேதா என்று ஒரு பெண் வந்தாள். சிறு வயது. கையில் பெரிய தாள்களும் வண்ணப் பேனாக்களும். பிள்ளைகளுக்கு உரிமைகள் உண்டு, தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமையும் அதில் ஒன்று, அதை ஊர்ச்சபையின் முன் சொல்லப் பழக்க வேண்டும் என்றாள். மாதர் குழு வீட்டில் பாய் விரித்து இருபது பிள்ளைகளை உட்கார வைத்தோம். இந்த ஊரில் உங்களுக்குப் பயமாக இருப்பது எது என்று கேட்டாள். பிள்ளைகள் ஸினிவாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பையன் "பேய்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பெலே சிரிக்கவில்லை. ஒன்பது வயது, ஒல்லி, முட்டியில் எப்போதும் ஒரு புண். எந்தக் கேள்வி கேட்டாலும் அதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை. இந்தக் குணத்தால் அவளுக்கு வெள்ளை ஞாயிறில் எப்போதும் சின்ன வரிதான் கிடைக்கும்.

"ஆறு," என்றாள் பெலே. "அடுத்த வருஷம் தம்பியும் ஸ்கூலுக்கு வர்றான். அம்மா மொத பஸ்ஸுக்கே வேலைக்குப் போயிடுவாங்க. தண்ணி வந்தா நான்தான் அவனத் தூக்கணும். எனக்கு அவ்வளவு பலம் இல்ல."

மரேதா அதைத் தாளில் நீலப் பேனாவால் அப்படியே எழுதினாள். மற்ற பிள்ளைகளும் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில். பாலம் கிடையாது. ஆழமில்லாத ஓர் இடத்தில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். கடைசியில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கோரிக்கைக்கு வந்தார்கள். பாலம் பெரிய காரியம், அரசாங்கம் செய்யட்டும். அதுவரைக்கும் மழை நாளில் காலையும் மாலையும் ஊர் இளைஞர்கள் இரண்டு பேர் அங்கே வந்து நிற்க வேண்டும். சபை ஒரு வார்த்தை சொன்னால் அது நடக்கும். இளைஞர்களுக்கு வேலை சொல்வதுதானே சபையின் வேலை.

பிள்ளைகளைப் பேசப் பழக்கும் பொறுப்பை ஸினிவாவிடம் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

நான்கு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் தாள்கள். நான் சீமைப்பலா சுட்டுக்கொண்டிருந்தேன்.

"நர்ஸம்மா, இதப் படிச்சுப் பாரு."

ஒன்பது பத்தி. முதல் மூன்றில் தலைவர்களின் பட்டங்களுக்கு வணக்கம். பிறகு போதகருக்கு, பிறகு மாதர் குழுவுக்கு. நன்றி, மன்னிப்பு, மறுபடியும் நன்றி. ஏழாவது பத்தியில் ஆறு வந்தது. 'எங்கள் ஊரின் கழுத்து மாலையாகிய ஆறு, உங்கள் அருள்நிழலில், சிறு பாதங்களுக்கு அமைதியாய் வழிவிடுவதாக. உங்கள் மரத்தின் கிளைகள் எங்கள் பாதையின் மேலும் நீளுவதாக.'

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். "ரெண்டு ஆம்பள நிக்கணும்னு சொன்னாங்களே, அது எங்க?"

"கிளைகள்னு போட்டிருக்கேன்ல? இளைஞர்கள்தான் கிளை."

"பெலே சொன்னது?"

ஸினிவா விசிறியால் என் முழங்காலில் தட்டினாள். "உனக்குப் புண்ணு கழுவத்தான் தெரியும். அந்தப் புள்ள சபையில உக்காந்து, எங்கம்மா போயிடுவாங்க, எனக்குப் பலம் இல்லன்னு சொன்னா, அவ அம்மா இலிஸா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெப்பா? புருஷன் நியூசிலாந்துல பழம் பறிக்கப் போயிருக்கான், இவ புள்ளைங்கள ஆத்துல விட்டுட்டுப் போறான்னு ஊரே பேசும். தலைவருங்க முன்னாடி அப்படிப் பேசின புள்ளைய வளத்தது யாருன்னு என்னையும் கேப்பாங்க."

"அதுவும் சரிதான்," என்றேன்.

நான் சொன்னது இதுதான். மாற்றிச் சொல்லிப் பயனில்லை. இரண்டு பேரும் சுட்ட சீமைப்பலாவைத் தேங்காய்ப் பாலில் தொட்டுத் தின்றோம். அவள் போய்விட்டாள்.

சபை கூடிய நாள் நவம்பரில் ஒரு திங்கள். தலைவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சபை தொடங்கக் குடிக்கும் காவா வேர்ச்சாறு குடித்து முடிந்திருந்தது. பிள்ளைகள் குனிந்தபடி உள்ளே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு. ஸினிவாதான் போடச் சொல்லியிருந்தாள், இருப்பதில் நல்லது அதுதானே. நானும் மரேதாவும் வெளியே கூரை நிழலில் நின்றோம். ஸினிவா ஒரு தூணுக்குப் பின்னால் விசிறியோடு.

ஒன்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பத்தி. ஒரு தட்டுக்கூட வேண்டியிருக்கவில்லை. ஏழாவது பத்தி பெலேவுக்கு. ஸினிவா அவளுக்கு அதைக் கொடுத்தது பரிகாரம் மாதிரி என்று நினைக்கிறேன். பெலே அதைக் கூரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

தலைவர்கள் உருகிப்போய்க் கை தட்டினார்கள். மூத்த பேச்சுத்தலைவர் தோலுவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடடா! இந்த வயசுல எனக்கு மூக்கச் சிந்தத் தெரியாது! ஏ ஸினிவா, எனக்கு அப்புறம் நான் ஊன்றிப் பேசுற தடிய இந்தப் புள்ளைங்ககிட்ட குடுத்துரலாம்போல!"

"உங்க தடி வேணாம்யா, அதோட உங்க பல்லில்லாத வாயும் வந்துரும்," என்றார் இன்னொருவர். சபையே சிரித்தது. போதகர் ஆற்றையும் பாதையையும் கர்த்தர் காப்பாராக என்று ஜெபம் செய்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். தோலுவா கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீம் வாங்கிவரச் சொன்னார். மரேதா படம் எடுத்துக்கொண்டாள். பிறகு சபை அடுத்த விஷயத்துக்குப் போயிற்று. யாருடைய பன்றியோ யாருடைய கிழங்கையோ தின்ற விஷயம். அதை இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

ஐஸ்கிரீம் வரிசையில் பெலே ஸினிவாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அவங்க சரின்னாங்களா?"

"கை தட்டினாங்கள்ல?"

"கை தட்டினா சரின்னு அர்த்தமா?"

"உருகுது பாரு, சாப்பிடு," என்றாள் ஸினிவா.

பள்ளி பிப்ரவரியில் திறந்தது. தம்பி ஃபேதுவுக்கு ஐந்து வயது, முதல் வகுப்பு. இடுப்பில் சுற்றிக் கணுக்கால் வரை தொங்கும் நீல லாவாலாவாத் துணி, முதுகை மறைக்கும் பை. தினமும் என் வீட்டைத் தாண்டித்தான் போவார்கள். "நர்ஸம்மா, எனக்கு ஊசி வேணாம்!" என்று வேலிக்கு வெளியிலிருந்து கத்திவிட்டு ஓடுவான். நான் ஊசியைக் காட்டுவது போல விரலைக் காட்டுவேன்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, இங்கே தூறல்கூட இல்லை. ஏழே காலுக்கு ஆற்றுப் பக்கமிருந்து கூச்சல் வந்தது.

ஃபேதுவைக் கடலோரம் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. உடம்பைக் கழுவியது நான்தான். பை இன்னும் முதுகில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது, வார் நனைந்து இறுகியிருந்தது. வெட்டினேன். பிறகு பெலேவைப் பார்த்தேன். ஒரு பாறையில் ஒதுங்கியிருந்த அவளை இளைஞர்கள் இழுத்து வந்திருந்தார்கள். இடது உள்ளங்கை உரிந்திருந்தது, இரண்டு நகம் இல்லை. வலது கையில் கீறல்கூட இல்லை. மருந்து போட்டபோது அவள் அழவில்லை. எரியுதா என்றேன். "எரியுது," என்றாள். கேட்டதற்குப் பதில். அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வாய் திறந்தாள்.

சபை மறுநாள் காலையே கூடியது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மழை நாளில் இரண்டு இளைஞர்கள், முறை வைத்து. மலையில் கறுத்தாலே சங்கு ஊத வேண்டும். பாலம் கேட்டு அரசாங்கத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஸினிவாவும் நானும் வெளியே நின்றிருந்தோம். முடிக்கும்போது தோலுவா கரகரத்த குரலில் கேட்டார்.

"ரெண்டு ஆளு நிறுத்துறது ஒரு வேலையாயா? இத ஏன் யாருமே நம்மகிட்ட சொல்லல?"

ஓர் இளைய தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "புள்ளைங்க அன்னைக்கு ஆத்தப் பத்தி என்னமோ சொன்னாங்க ஐயா. மாலைன்னு."

"அது ஒப்பிச்சதுயா," என்றார் தோலுவா. "சொன்னதா?"

ஸினிவாவின் கையிலிருந்து விசிறி விழுந்தது. அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

ஃபேதுவை அடக்கம் செய்த மறு வாரம் அவள் சபைக்குப் போனாள். தனக்கு அபராதம் போடச் சொன்னாள். எங்கள் ஊரில் தப்பு செய்தவர்கள் பன்றியோ டின்மீன் பெட்டிகளோ கட்ட வேண்டும். கட்டிவிட்டால் அந்தத் தப்பை யாரும் பிறகு பேசக்கூடாது. தன் இரண்டு பன்றியையும் ஓட்டிக்கொண்டே போயிருந்தாள். சபை அவளைப் பார்த்தது, பன்றிகளைப் பார்த்தது. "உனக்குப் போட்டா எங்களுக்கும் போடணும் ஸினிவா. வீட்டுக்குப் போ," என்றார் தோலுவா. அவள் பன்றிகளோடு திரும்பி வந்தாள்.

"வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தா நான் தூங்கியிருப்பேன்," என்றாள் என்னிடம்.

"தூக்க மாத்திரை தரவா?"

"உன் மாத்திரைய நீயே முழுங்கு."

அபராதத்தை வாங்க ஆள் இல்லை என்றால் எங்களிடம் இன்னொரு வழி இருக்கிறது. ஒரு வீட்டாருக்குப் பெரிய தீங்கு செய்தவர்கள், விடியும் முன்னே அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, தங்களிடம் இருப்பதில் மிக நல்ல பாயைத் தலையோடு போர்த்திக்கொள்வார்கள். அந்த வீட்டார் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடக்க வேண்டும். கொலை நடந்த வீட்டுக்குத்தான் வழக்கமாக அப்படிப் போவார்கள். குடும்பமே சேர்ந்து போகும். ஸினிவா பெலே வீட்டுக்குத் தனியாகப் போனாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த பாய், துணிபோல மெல்லியது. அவளுக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் நான் தண்ணீர் பாட்டிலோடு எதிர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் பெலேயின் பெரியப்பா வெளியே வந்தார். அழுத கண். பாயின் ஓரத்தைப் பிடித்தார். உள்ளேயிருந்து ஸினிவா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பெலே வந்து எடுக்கட்டும் ஐயா."

"சின்னப் புள்ளம்மா அவ. அவளுக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சுதான் சொன்னா. நான்தான் அத வெட்டிட்டேன்."

இலிஸா வந்தாள். "டீச்சர், எந்திரிங்க. எம்பேரு கெடக்கூடாதுன்னுதானே செஞ்சீங்க," என்றாள். அதைக் கேட்டு உள்ளே ஸினிவா அழும் சத்தம் கேட்டது. அதுவரை அழவில்லை. ஆனால் பாயை விடவில்லை.

ஒன்பதரை மணிக்கு வெயில் நன்றாக ஏறிவிட்டது. ஊரே வேலியோரம் நின்றது. அப்போதுதான் பெலே வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், கையில் நான் போட்ட கட்டு. பாயின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். எடுப்பாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எடுக்கவில்லை. ஓரத்தைத் தூக்கி, உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே இருந்து பார்க்க ஒரே பாய்க்குள் ஒரு பெரிய மேடும் ஒரு சின்ன மேடும். எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு கட்டத்தில் நான் எழுந்து போனேன். வழக்கப்படி நான் அந்தப் பாயைத் தொடக்கூடாது. நான் அந்த வீட்டாள் இல்லை. ஆனால் உள்ளே இருந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு அழுத்தம், இன்னொருத்தி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பாயை எடுத்துவிட்டேன். இருவரும் வேர்த்து ஊறிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். ஊர் அதற்காக என்னை வெகு நாள் ஏசியது.

பெலே பாய்க்குள் என்ன சொன்னாள் என்று அன்று மாலை ஸினிவாவிடம் கேட்டேன்.

"'நான்தான் கைய விட்டேன் டீச்சர். அவன் விடல'ன்னா."

"நீ என்ன சொன்ன?"

"அவ திரும்பத் திரும்ப அதையே சொன்னா. கேட்டுக்கிட்டிருந்தேன்."

அந்த வருடத்திலிருந்து ஸினிவா வெள்ளை ஞாயிறுக்குப் பிள்ளைகளைப் பழக்கவில்லை. வேறு ஒருத்தி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். ஸினிவா ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினாள். வியாழக்கிழமைகளில் மாதர் குழு வீட்டில் உட்காருவாள், பிள்ளைகள் வந்து சொல்வார்கள், அவள் எழுதுவாள். சொன்ன சொல்லில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டாள். மாதம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு சபைக்குப் போவாள். தோலுவா காவா குடிக்கும் முன்பே அதைப் படிக்க வேண்டும் என்று வாக்கு வாங்கியிருந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். 'ஸ்கூல் கக்கூசுக்குக் கதவு இல்ல.' 'சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற நாய் என்னைக் கடிச்சுது, அது போதகர் ஐயாவோட நாய்.' 'எங்கப்பா குடிச்சா நான் எங்க போறது?' அந்தக் கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார் என்று சொன்னார்கள். கதவு வந்தது. நாயைக் கட்டினார்கள். அப்பா விஷயத்தில் பாதிதான் செய்ய முடிந்தது. பாலம் நான்கு வருடம் கழித்து வந்தது. திறப்பு விழாவுக்கு ஸினிவா போகவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் ஆற்றைப் பற்றிப் பெலே முதல் நாள் சொன்னது அப்படியே இருந்தது. மரேதாவின் தாளைப் பார்த்து எழுதியது. பெலே அந்த வீட்டுக்கு ஒரு வியாழக்கிழமைகூட வரவில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் எதையாவது எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அவள் மட்டும் இல்லை. ஸினிவா ஒருமுறை வழியில் அவளை நிறுத்தி, உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். "சொல்லிட்டேனே டீச்சர்," என்றுவிட்டுப் போய்விட்டாள்.

போன வருடம் ஸினிவாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. கனத்த உடம்பு. எனக்கு எழுபத்திரண்டு வயது, என்னால் தனியாகப் புரட்ட முடியவில்லை. மாதர் குழுவில் ஆள் கேட்டேன். மறுநாள் காலை பெலே வந்து நின்றாள். பத்தொன்பது வயது, அகன்ற தோள், மீன் பெட்டி தூக்கும் வேலை.

"யார் உன்ன அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல."

எட்டு மாதம் வந்தாள். ஒரு நாளும் ஸினிவாவின் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசவில்லை. வருவாள், தூக்குவாள், குளிப்பாட்டப் பிடித்துக் கொடுப்பாள், போவாள். மன்னித்துவிட்டாளா என்று ஊரில் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கடைசி வாரத்தில் ஒரு காலை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது, ஸினிவா குழறிக் குழறிக் கேட்டாள். "கனமா... இருக்கேனா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"ரொம்பக் கனம் டீச்சர்," என்றாள் பெலே. "கழுத்தப் பிடிங்க. நல்லா பிடிங்க."

ஸினிவா தன் நல்ல கையால் பிடித்துக்கொண்டாள். பெலே காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார வைத்த பிறகும் ஸினிவா கையை எடுக்கவில்லை. பெலேயும் நிமிரவில்லை, குனிந்தபடியே நின்றாள். எனக்கு அடுப்பில் கஞ்சி இருந்தது, நான் போய்விட்டேன்.